உடையநாதன் சாட்சி சொல்லப் போகிறார்

கொஞ்சம் நகருங்க தம்பி, நானும் உக்காந்துக்கறேன். அந்தப் பக்கம் சாயங்கால வெயில் கண்ணைக் குத்தும். ஓடம் அக்கரை சேர இன்னும் நேரம் கெடக்கு, எதிர்க்காத்து வேற. ஊருக்குப் புதுசா? ஏழலைப்பட்டணத்துல மிளகு வாங்கவா? வாங்குங்க, நல்லா வாங்குங்க. அந்தப் பழக்கூடை யாருக்கு? அரசருக்கா! சரிதான். ஊருக்குள்ள இன்னும் காலே வைக்கலை, அதுக்குள்ள அவருக்குக் கூடை.

தப்பா நினைக்காதீங்க. அரசர்னா எனக்கும் மரியாதை உண்டு. ஓடக்காரன் காதுல விழட்டும்னு சொல்லலை, நெசமாத்தான் சொல்றேன். நான் உடையநாதன். மிளகுத்தெருவுல என் பேரைக் கேட்டா சின்னப்பிள்ளையும் கடையைக் காட்டும். ஆனா இன்னைக்கு நான் அக்கரைக்குப் போறது வியாபாரத்துக்கு இல்லை. சாட்சி சொல்லப் போறேன். உங்க அரசர் மாறநம்பிக்கு எதிரா.

ஆமா தம்பி. பேரரசர் அனுப்பின விசாரணைக்காரங்க மூணு பேரு மண்டபத்துல வந்து உக்காந்திருக்காங்க. மாறநம்பிக்கும் கடல் கொள்ளைக்காரங்களுக்கும் உறவு இருக்கா இல்லையா, அதான் வழக்கு. இருக்குன்னு ஊர்க்காரன் ஒருத்தன் நேர்ல வந்து சொல்லிட்டாப் போதும். கிரீடத்தைக் கழட்டி வச்சுட்டுச் சிறைக்குப் போக வேண்டியதுதான். பொழுது சாயுறப்போ சங்கு ஊதுவாங்க. அதுவரைக்கும் யாரும் வரலைன்னா வழக்கே இல்லைன்னு எழுதி வச்சுட்டு அவங்க பாட்டுக்குக் கப்பல் ஏறிடுவாங்க. வர வேண்டிய அந்த ஒருத்தன் யாரு? நான்தான். புகார் ஓலை எழுதினதே நான்தானே. எழுதி நாலு வருஷம் ஆச்சு. இப்பத்தான் ஆடி அசைஞ்சு வந்திருக்காங்க பேரரசு ஆளுங்க.

ஏன் எழுதினேன்னு கேளுங்க. நீங்க கேக்கலைன்னாலும் நான் சொல்லத்தான் போறேன்.

அவன் யாரு தெரியுமா? சரி, அவரு. நம்பி வம்சம். தாத்தா காலத்துல வாசல்ல யானை கட்டின வீடு. எல்லாம் கரைஞ்சு போய், ரெண்டு படகும் ஒரு பட்டுத்துண்டும்தான் மிச்சம். அதோட வந்து என் கடைக்குப் பக்கத்துக் கடையைப் பிடிச்சான். மிளகை வாயில போட்டுக் கடிச்சு எந்த மலைச் சரக்குன்னு சொல்றது எப்படின்னு அவனுக்குக் கத்துக் கொடுத்தவனே நான். யானை கட்டின வீட்டுப் பிள்ளை நம்மகிட்ட வந்து கேக்குதேன்னு ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் தம்பி என்னைக் கெடுத்துச்சு.

சனங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா? என் கடையில மிளகு வாங்குவாங்க, வாங்கிட்டு அவன் கடையில போய் உக்காருவாங்க. எதுக்கு? மோர் குடிக்க. வம்சத்துக்காரன் தன் கையால மோர் மோந்து கொடுக்கிறான்னா நம்ம சனத்துக்குக் கேக்கணுமா? நானும் ஒரு பானை மோர் வச்சேன். குடிச்சுட்டு ஒருத்தன் சொல்றான், 'நம்பி கடை மோர் மாதிரி இல்லையே'ன்னு. ரெண்டு கடைக்கும் பால் ஊத்துறது ஒரே மாட்டுக்காரி தம்பி! ஒரே மாடு! அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை.

இப்போ மிதவைக்காரங்க கதையைச் சொல்லணும். நடுக்கடல்ல ஒரு தீவு இருக்கு. கோரையும் மூங்கிலும் பின்னிக் கெடக்கிற தீவு. ஒரு எடத்துல நிக்காது, மிதந்துக்கிட்டே இருக்கும். இன்னைக்குத் தெக்க இருந்தா அடுத்த மாசம் வடக்க. அதுல இருக்கிற கொள்ளைக்காரங்களைத்தான் மிதவைக்காரங்கன்னு சொல்லுவோம். ஒரு வருஷம் என் படகு மூணு அவங்ககிட்ட போச்சு. அவன் படகு ஒண்ணுகூடப் போகலை. கேட்டா, 'நான் காத்து மாறுறதுக்கு முந்தியே கிளம்பிடுறேன், கரையை ஒட்டியே போறேன்'னான். எல்லாருக்கும் தெரிஞ்ச கடல், எல்லாருக்கும் தெரிஞ்ச காத்து. அவனுக்கு மட்டும் என்ன தனிக் காத்தா?

சவரம் பண்ணிக்கிட்டு இருக்கும்போது சவரக்காரன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னேன். ஒரே ஒரு வார்த்தை. 'யாரு கண்டா, மிதவைக்காரங்களுக்கும் நம்பிக்கும் என்ன உறவோ'ன்னேன். அது பொய்யா தம்பி? கேள்விதானே? கேள்வி எப்படிப் பொய்யாகும்? பொழுது சாயுறதுக்குள்ள ஊரே பேசுது. அவங்களுக்கு நம்பிதான் அரிசி அனுப்புறானாம். அந்தத் தீவுல அவனுக்கு ஒரு பொண்டாட்டியாம். பொண்டாட்டி சமாச்சாரம் நான் கிளப்பினது இல்லை, அந்த ஆண்டவனுக்குத் தெரியும். எவனோ சொன்னான், நான் நாலு பேருகிட்ட சொன்னேன், அவ்வளவுதான்.

ஊரு காறித் துப்பும்னு பாத்தேன். துப்பலையே! மறுநாளே அவன் கடை வாசல்ல கூட்டம். 'உங்க படகுல எங்க சரக்கையும் ஏத்திக்கோங்க சாமி, உங்களை அவங்க தொட மாட்டாங்க'ன்னு கெஞ்சுறாங்க. அவன் தலையால தண்ணி குடிச்சு எனக்கு அங்க யாரையும் தெரியாதுன்னு சொல்றான். சொல்லச் சொல்ல, 'பாத்தியா, எவ்வளவு அடக்கம்'னு இன்னும் நம்புறாங்க. என் வாயால அவனுக்கு நானே கடை விரிச்சுக் கொடுத்திருக்கேன் தம்பி. இது யாருக்கு நடக்கும்?

அது போகட்டும். அடுத்தது கேளுங்க. பழைய ராணியம்மா வாரிசு இல்லாமக் கண்ணை மூடினாங்க. வாரிசு இல்லைன்னா மிளகுத்தெருப் பெரிய கடைக்காரங்க பதினொரு பேரு சேந்து, தங்களுக்குள்ள ஒருத்தரை அரசராக்கணும். எங்க ஊர்ல விலையை வாயால சொல்ற வழக்கம் கெடையாது. கை மேல துண்டைப் போட்டு மூடி, உள்ள விரலைப் பிடிச்சு அழுத்தித்தான் பேசுவோம். பக்கத்துல நிக்கிறவனுக்குக்கூடத் தெரியாது. அரசரைத் தேர்ந்தெடுக்கிறதும் அப்படித்தான். ஒரு பெரியவர் துண்டோட உக்காருவாரு. ஒவ்வொரு கடைக்காரனுக்கும் அவரு கையில ஒரு விரல்கணு. நமக்கு யாரு வேணுமோ அவங்க கணுவை அழுத்திட்டு வரணும். ஒரே விதிதான். தன்னோட கணுவைத் தானே அழுத்தக்கூடாது. அழுத்தினா ஊரை விட்டே தள்ளி வச்சுருவாங்க.

எனக்குத்தான் கிடைக்கும்னு இருந்தேன். ஏன் கூடாது? கடையில மூத்த கடை என்னோடது. ஆனா என் கையால நான் யாரையாவது அழுத்தியாகணுமே. நல்ல ஆளா ஒருத்தனை அழுத்தி, அவன் ஜெயிச்சுட்டா? அதனால யோசிச்சேன். யாருமே தொடாத கணு எது? கொள்ளைக்காரங்க சகவாசம் இருக்கிறவனை எவன் அரசனாக்குவான்? நம்பி கணுவை அழுத்திட்டு நிம்மதியா வந்து உக்காந்தேன்.

பெரியவர் துண்டை எடுத்தாரு. பதினொரு கையில பத்துக் கை நம்பிக்கு. ஒரு கை எனக்கு.

மத்த ஒன்பது பேரையும் தனித்தனியாப் பிடிச்சுக் கேட்டேன். 'கொள்ளைக்காரனைக் கட்டி மேய்க்கத் தெரிஞ்சவன்தானே அரசன், மனசார அழுத்தினேன்'னு ஒரே பாட்டைப் பாடுறாங்க. என்னை மாதிரி ஒருத்தனாவது வேற கணக்குப் போட்டிருக்க மாட்டானா? வாயைத் திறக்க மாட்டேங்கிறான். இன்னைக்கும் எனக்கு ஒரு குறை என்னன்னா, எனக்கு விழுந்த அந்த ஒரு கை யாருதுன்னு தெரியலை. இந்தப் பட்டணத்துல என் அருமை தெரிஞ்ச ஒரே ஒரு நல்ல மனுஷன். கும்பிடணும்னு தேடிக்கிட்டே இருக்கேன்.

ஏன் தம்பி சிரிக்கிறீங்க? ஓடக்காரன் சிரிக்கிறான், சரி, அவன் எப்பவும் அப்படித்தான். நீங்களுமா?

அந்த மாசமே ஓலை எழுதிட்டேன் பேரரசருக்கு. வீட்டையும் இக்கரைக்கு மாத்திட்டேன். அவன் ராஜ்ஜியத்துல தூங்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து? ரெண்டு வருஷம் மிதவைக்காரங்க கரைப்பக்கமே வரலை. கரை நெடுகக் காவல் தீ வச்சிருக்காராம், அதனாலயாம். காவல் தீயாவது ஒண்ணாவது. சொந்தக்காரன் வீட்டுல எவன் கொள்ளையடிப்பான்?

போன வருஷம்தான் தம்பி, என் மகன்…

இருங்க. தண்ணி இருக்கா? கொடுங்க.

செங்கோடன்னு பேரு. ஒரே மகன், இருபது வயசு. காத்து மாறுற நேரம். நம்பி படகு நாலு, முந்தின நாள் கிளம்பிப் போச்சு. நம்ம படகு ஏன் நிக்கணும்? 'வேண்டாம்ப்பா, வானம் சரியில்லை'ன்னான் பையன். அவ, என் சம்சாரம் அலர்மேலு, அவளும் வேண்டாம்னா. 'நம்பி போன காத்துல என் மகன் போகக்கூடாதா'ன்னு நான்தான் பிடிச்சுத் தள்ளாத குறையா ஏத்தி விட்டேன். எட்டாம் நாள் படகோட்டிங்க மட்டும் நீந்தாத குறையா வந்து சேந்தாங்க. பையனை மிதவைக்காரங்க பிடிச்சுட்டாங்கன்னு சொன்னாங்க. பிடிச்சவங்களை அவங்க திருப்பி விட்டதா சரித்திரமே கெடையாது.

அவ அழலை. அடுப்பை மூட்டலை. மூணு நாள் சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்தா. நாலாம் நாள் என்னைப் பாத்துச் சொன்னா, 'நீங்கதானே ஊரெல்லாம் சொன்னீங்க, அவருக்கு அவங்களோட உறவு இருக்குன்னு? போய்க் கேளுங்க'ன்னு.

போனேன். வேற என்ன பண்ணுவேன்? அவன் பட்டம் கட்டின நாள்லேர்ந்து மிதிக்காத வாசல். உள்ள போனா, எலுமிச்சை ஊறுகாயோட கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்தான். எழுந்திரிச்சு வந்து என் கையைப் பிடிச்சு உக்கார வச்சான். 'உங்க ஆளுங்ககிட்டச் சொல்லி என் பையனை விடச் சொல்லுங்க'ன்னேன்.

அவன் எனக்கு எதிர உக்காந்தான். அப்புறம், 'உடையநாதா, எனக்கு அங்க ஆளு யாரும் இல்லை. அது உனக்குத் தெரியாதா?'ன்னான். கோபமாச் சொல்லலை தம்பி. கோபமாச் சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அந்தக் கதை எந்தக் கடையில பொறந்துச்சுன்னு அவனுக்கு ஆரம்பத்துலேர்ந்தே தெரியும்னு அவன் மூஞ்சியப் பாத்தப்பத்தான் புரிஞ்சுது. அவனுக்கு அங்க ஆளு இல்லைன்னா என் பையன் இல்லை, அவ்வளவுதானே? அப்படியே தரையில உக்காந்துட்டேன். 'இருக்குன்னு சொல்லு நம்பி. பொய்யாவது இருக்குன்னு சொல்லு'ன்னேன்.

கஞ்சிக் கிண்ணத்தை ஓரமா நகத்தி வச்சான். 'சரி, இருக்கு. வீட்டுக்குப் போய் அலர்மேலுகிட்ட பையன் வந்துருவான்னு சொல்லு'ன்னான்.

அன்னைக்கே கிளம்பிட்டான். சின்னப் படகு, துடுப்புக்கு ரெண்டு பேரு. படை கெடையாது, கொடி கெடையாது. பத்தொன்பதாம் நாள் காலையில வந்து சேந்தாங்க. என் பையன் முன்னாடி இறங்கினான், இளைச்சுக் கறுத்து. பின்னாடி அவன். வலது கையில துணி சுத்தியிருந்துச்சு. மூணு விரலைக் காணோம்.

என்ன நடந்துச்சுன்னு பையன் சொல்றதைக் கேளுங்க, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க. தீவுல இறங்கினதும் தலைவன் கேட்டானாம், 'யாருடா நீ?'ன்னு. 'இந்தப் பையன் ஊர்க்காரன்'னு நம்பி சொன்னானாம். 'பையனுக்கு என்ன தருவே?'ன்னு அவன் கேட்டான். பேரம்னு வந்துட்டா நம்ம ஊர்க்காரன் என்ன பண்ணுவான்? இவன் பட்டுத்துண்டை எடுத்துத் தன் வலது கை மேல போட்டு அப்படியே நீட்டியிருக்கான். உள்ள கையை விட்டு விலை பேசுங்கன்னு அர்த்தம். அவங்களுக்கு நம்ம வழக்கம் என்ன தெரியும்? வந்தவன் தன் கையைத் துணி போத்தி நீட்டுறான், கையைத்தான் விலையாத் தர்றான்னு நினைச்சுட்டாங்க. கத்தியை எடுத்துட்டாங்க. 'அவரு கையை இழுத்திருக்கலாம்ப்பா. அவங்க தப்பா நினைச்சுட்டாங்கன்னு அவருக்குப் புரிஞ்சுபோச்சு. என்னைப் பாத்தாரு. இழுக்கலை'ன்னு பையன் சொல்றான். மூணாவது விரலுக்கு மேல தலைவனே போதும்னு நிறுத்திட்டானாம்.

நான் என்ன சொன்னேன்? 'எல்லாம் நடிப்புடா'ன்னேன். முன்னப்பின்ன பேரம் பேசிப் பழகாத ஆளுகிட்ட எவனாவது துண்டைப் போட்டுக் கையை நீட்டுவானா? நீட்டினான்னா பழக்கம் இருக்குன்னுதானே அர்த்தம்? அதுவே சாட்சியில்லையா? பையன் என்னை ஒரு பார்வை பாத்தான். 'பழகினவங்களா இருந்தா ஏம்ப்பா வெட்டினாங்க'ன்னு கேட்டுட்டு எழுந்து போனான்.

போனவன் வரலை. அரண்மனையிலேயே இருந்துட்டான். வலது கையில நம்பிக்கு இப்போ சோறு பிசைய வராது. என் மகன் பிசைஞ்சு கொடுக்கிறான் தம்பி. பக்கத்துல உக்காந்து, குழம்பு ஊத்தி, முள்ளு எடுத்து, பிசைஞ்சு கொடுக்கிறான். எனக்கு அவன் ஒரு செம்புத் தண்ணி மோந்து கொடுத்ததில்லை. யாராவது அரசரோட பேரம் பேச வந்தா, துண்டுக்குள்ள போறது என் மகன் கைதான். 'அரசரோட கை'ன்னே பேரு வச்சுட்டாங்க ஊர்ல. என் கடையில, என் பேர்ல இருக்க வேண்டிய கை. மோரைத்தான் எடுத்துக்கிட்டான், சரி. கிரீடத்தை எடுத்துக்கிட்டான், அதுவும் சரி. இதையுமா? வயிறு எரியாதா எனக்கு?

அதனாலதான் இன்னைக்குப் போறேன். போய் மண்டபத்துல நின்னு, இருக்கு, உறவு இருக்குன்னு சொல்லப் போறேன். காலையில கிளம்பும்போது அவ துண்டை எடுத்துக் கொடுத்தா. 'போய்ச் சொல்லிட்டு வாங்க. அரசர் பக்கத்துலயே நிக்கிற உங்க மகனையும் சேத்துத்தான் பிடிப்பாங்க, அதையும் பாத்துட்டு வாங்க'ன்னா. அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. சின்னப் பையனைப் போய் பேரரசு என்ன பண்ணிடும்? பிடிப்பாங்களா? உங்க ஊர்ல எப்படி தம்பி? கூட நின்னவனையும் பிடிப்பாங்களா?

நீங்க ஏன் பேசாம வர்றீங்க? இல்லைன்னு போய்ச் சொல்லுங்கன்னு சொல்ல வர்றீங்களா? சொல்லலாம். எனக்கென்ன வாய் இல்லையா. ஆனா யோசிச்சுப் பாருங்க. அவங்க அவன் ஆளுங்கன்னா, போனான், கேட்டான், கூட்டிட்டு வந்தான். அதுல என்ன பெருமை? யாரு வேணும்னாலும் செய்வாங்க. ஆளுங்க இல்லைன்னா? ஒருத்தரையும் தெரியாம, படை இல்லாம, என் பையனுக்காக, தன்னைப் பத்தி ஊரெல்லாம் தப்பாப் பேசின என்னோட பையனுக்காக, அந்தத் தீவைத் தேடிக்கிட்டு அவன் போயிருந்தான்னா? அப்போ நான் யாரு? அதை நான் எப்படித் தம்பி தாங்குவேன்? அவன் கெட்டவனா இருந்தாத்தான் நான் தலை நிமிந்து நடக்க முடியும்.

கரை வந்துருச்சு. பாத்து இறங்குங்க, படி வழுக்கும். கூடை பத்திரம்.

நானா? நீங்க போங்க, கூட்டம் இறங்கட்டும். ஒரே ஒரு நடை இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்ட்டு வந்துடறேன். வீட்டுல ஒரு ஓலையை மறந்து வச்சுட்டேன். என்னப்பா ஓடக்காரா, உனக்கு என்ன வந்துச்சு? காலையிலேர்ந்து நாலாவது தடவை இறங்காம உக்காந்திருக்கேனா? இருந்துட்டுப் போறேன். உன் ஓடம் என்ன தேய்ஞ்சா போச்சு? ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருத்தருக்கு இதையே சொல்றேனா? சாட்சி சொல்லப் போறவன் சொல்லிப் பாத்துக்க வேண்டாமா? தம்பி, அவன் பேச்சைக் காதுல வாங்காதீங்க. நீங்க நடங்க.

அது என்ன சத்தம்?

சங்கா? அதுக்குள்ளயா? இன்னும் வெயில் இருக்கே! அதோ அந்தக் கோபுரத்து மேல மஞ்சளா இருக்கே, தெரியலையா? பாத்தீங்களா தம்பி, பாத்தீங்களா? முடிச்சுட்டாங்க. இதோ வந்துட்டேன், கரையிலதான் நிக்கிறேன், அதுக்குள்ள ஊதிட்டாங்க. நான் பேசிடக்கூடாதுன்னு முன்கூட்டியே ஊதச் சொல்லியிருப்பான். எல்லாம் அவன் வேலைதான். அவன் சூழ்ச்சி எனக்குத் தெரியாதா?

யோவ் ஓடக்காரா, என்ன வேடிக்கை பாக்கிறே? சீக்கிரம் திருப்பு. பையனுக்கு ஒண்ணும் ஆகலைன்னு அவகிட்டப் போய்ச் சொல்லணும். காலையிலேர்ந்து வாசலையே பாத்துக்கிட்டு நிப்பா.